பன்றி மெலிவு நோயும் இரட்டிப்புப் புரதமும்: ஒரு மறுப்பு

பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளை உருக்கி எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் மெலிவு நோயை உண்டாக்கும் சர்க்கோவைரஸின் வன்மை முழுவதும் அதன் உறைப்புரதத்திலேயே அடங்கிக் கிடக்கிறது என்றும், அவ்வைரஸின் மற்றொரு பெரும் புரதமாகிய இரட்டிப்புப் புரதம் மரபுப்பொருளைப் படியெடுத்துக் கொடுப்பதற்கு மேல் நோயில் யாதொரு பங்கும் உடையதன்று என்றும் ஓர் அபிப்பிராயம், கால்நடை மருத்துவ உலகில் ஏறத்தாழச் சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. பாடநூலில் உறைப்புரதத்துக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தால் இரட்டிப்புப் புரதத்துக்கு ஒரு வாக்கியம் கிடைக்கிறது. தடுப்பூசியின் துண்டுப்பிரசுரத்தில் அந்த ஒரு வாக்கியமும் இல்லை. இச்சித்தாந்தம் பாதி உண்மை. மற்றப் பாதி ஆதாரமற்றது என்பது மட்டுமன்று, அதனை நிறுவுவதற்காக எடுத்துக்காட்டப்படும் பரிசோதனைகளே அதற்கு விரோதமாகச் சாட்சி சொல்கின்றன என்பது என் கட்சி.

வாதத்துக்கு முன் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டு, பி.கே.-15 என்னும் பெயரால் ஆராய்ச்சிச் சாலைகளில் வழங்கும் உயிரணு வரிசையில், ஒருவரும் இடாமலே குடியிருந்த ஒரு நுண்துகளைப் பெர்லின் நகரத்து ராபர்ட் கோக் நிலையத்தைச் சேர்ந்த டிஷர் அம்மையாரும் அவர் குழுவினரும் 1974இல் கண்டனர். வட்டமாக வளைந்த ஒற்றை இழை டி.என்.ஏ.வைத் தாங்கிய மிகச் சிறிய வைரஸ் அது என்று 1982இல் நிறுவினர். பன்றிகளுக்கு ஏற்றிப் பார்த்தபோது அது ஒரு தீங்கும் செய்யவில்லை. பின்னர், 1991இல், கனடா தேசத்துச் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பண்ணைகளில் ஐந்து முதல் பன்னிரண்டு வார வயதுக் குட்டிகள், தீனி முன்னே கிடக்கவும் தேறாமல், முதுகெலும்பு துருத்தி, மயிர் சிலிர்த்து, தோல் வெளுத்து, மூச்சு வாங்கி மடியத் தொடங்கின. அவற்றின் திசுக்களிலிருந்து கிடைத்த வைரஸ் பழையதற்கு உறவானதாயினும் அதனின் வேறானது என்பது 1998இல் தெளிவாயிற்று. அன்று முதல் சாதுவானது முதல் வகை என்றும், கொடியது இரண்டாம் வகை என்றும் பெயர் பெற்றன.

இரண்டும் சிறுமையில் அதிசயமானவை. முதல் வகையின் மரபுப்பொருள் 1,759 எழுத்துக்கள். இரண்டாம் வகையினது 1,767 அல்லது 1,768. இந்தச் சிறு வட்டத்தில் எதிரெதிர்த் திசைகளில் எழுதப்பட்ட இரண்டு பெரிய மரபணுக்கள் உள்ளன. ஒன்று உறைப்புரதத்தைத் தருவது. அப்புரதத்தின் அறுபது பிரதிகள் கூடி, சுமார் பதினேழு நானோமீட்டர் குறுக்களவுள்ள உறை அமைகிறது. மற்றொன்று ரெப் எனப்படும் இரட்டிப்புப் புரதத்தைத் தருவது. அதே மரபணுவின் செய்தி இடையில் வெட்டி ஒட்டப்படும்போது ஒரு குறும்பதிப்பும் பிறக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி இரட்டிப்பு நடவாது என்பதை முதல் வகை வைரஸைக் கொண்டு பெர்லினில் மாங்கெர்ட்ஸ் என்பவர் 2001இல் காட்டினார்.

ரெப் செய்யும் தொழிலைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நலம். வைரஸின் ஒற்றை இழை உயிரணுவின் கருவுக்குள் புகுந்து இரட்டை இழையாகிறது. அந்த வட்டத்தின் ஓரிடத்தில் கொண்டை ஊசிபோல் மடிந்து நிற்கும் சிறு பகுதியின் உச்சியில் ஒன்பது எழுத்துக்கள் உள்ளன. ரெப் அங்கே வந்து படிந்து, ஓர் இழையை மட்டும் வெட்டி, வெட்டுண்ட நுனியைத் தன் டைரோசின் ஒன்றினால் பற்றிக்கொள்கிறது. மற்ற நுனியிலிருந்து, விருந்தோம்பும் உயிரணுவுக்குச் சொந்தமான பாலிமரேஸ் நொதி புதிய இழையை நீட்டிச் செல்கிறது. ஒரு சுற்று முடிந்ததும் ரெப் மீண்டும் வெட்டி, நுனிகளைச் சேர்த்து, வட்டத்தை மூடிவிடுகிறது. வைரஸுக்கென்று பாலிமரேஸ் கிடையாது என்பதை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். பின்னால் வரும் வாதத்தில் பெரும்பகுதி இதனைப் பற்றியே நிற்கிறது.

இனிப் பூர்வபட்சம். அதனை அதற்குரிய பலத்தோடு எடுத்துரைப்பதே நியாயம். சாதுவான வைரஸையும் கொடிய வைரஸையும் ஒப்பிட்டால், அவற்றின் ரெப் புரதங்கள் நூற்றுக்குச் சுமார் 86 பங்கு ஒத்திருக்க, உறைப்புரதங்கள் சுமார் 65 பங்கே ஒத்திருக்கின்றன. ஆகவே குணபேதத்துக்குக் காரணம் உருபேதம் மிகுந்த இடத்திலேதான் இருக்க வேண்டும் என்கிறார்கள். மேலும், ஒரு வகையின் ரெப் மற்ற வகையின் மரபுப்பொருளையும் தடையின்றி இரட்டிக்கிறது என்பதை மாங்கெர்ட்ஸ் குழுவினர் 2003இல் காட்டியிருக்கின்றனர். மாற்றிவைத்தாலும் வேலை கெடாத ஒன்று எப்படி நல்லதையும் தீயதையும் பிரிக்கும் என்பது அவர்களுடைய கேள்வி. இரண்டாம் வகை வைரஸைப் பி.கே.-15 உயிரணுக்களில் 120 தடவை தொடர்ந்து வளர்த்தபோது உறைப்புரதத்தில் இரண்டே அமினோ அமிலங்கள் மாறின. மாறிய வைரஸ் பன்றியில் வலி குன்றிப்போயிற்று என்று 2004இல் வெளிவந்த முடிவு அவர்களுக்கு மிகவும் பிரியமானது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தடுப்பூசிகளின் வெற்றி இருக்கிறது. பூச்சி உயிரணுக்களில் விளைவித்த உறைப்புரதத்தை மாத்திரம் ஊசியில் ஏற்றினால் குட்டிகள் பிழைக்கின்றன. இதற்கு மேல் என்ன ருசு வேண்டும் என்கிறார்கள்.

இவை அற்ப ஆதாரங்கள் அல்ல. ஆயினும் இவற்றினின்று அவர்கள் எடுக்கும் முடிவு இவற்றினின்று பிறப்பதன்று.

1. ஒற்றுமையின் விழுக்காடு எதை நிரூபிக்கிறது? முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு வேற்றுமை என்றால், நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் வேற்றுமை என்று பொருள். அந்த நாற்பதும் ஒரு பொருட்டல்ல என்று தள்ளுகிறவர்கள், அடுத்த மூச்சிலேயே, உறைப்புரதத்தில் இரண்டு இடங்கள் மாறியதால் வைரஸின் குணமே மாறிப்போயிற்று என்று 2004ஆம் ஆண்டுப் பரிசோதனையை எடுத்து நீட்டுகிறார்கள். இரண்டு மாற்றம் போதுமென்றால் நாற்பது மாற்றம் ஏன் போதாது? விழுக்காட்டை நம்பினால் இரண்டு அமிலக் கதையைக் கைவிட வேண்டும். இரண்டு அமிலக் கதையை நம்பினால் விழுக்காட்டைக் கைவிட வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வழக்காட வருவது தர்க்கமாகாது.

2. உறை இருந்தும் நோய் இல்லாமற்போனது எப்படி? இதுவே என் பிரதான ஆட்சேபம். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெங் என்பவரும், ஃபெனோ முதலிய அவர் சகாக்களும், சாதுவான முதல் வகையின் மரபுப்பொருளிலிருந்து அதன் உறை மரபணுவை நீக்கி, அவ்விடத்தில் கொடிய இரண்டாம் வகையின் உறை மரபணுவைப் பதித்து ஒரு கலப்பு வைரஸை உருவாக்கி, அதனைப் பன்றிக்குட்டிகளுக்குச் செலுத்தி, 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்தக் கலப்பு வைரஸ் பன்றியின் உடலில் பெருகிற்று. கொடிய வைரஸின் உறைக்கு எதிரான எதிர்ப்பொருள்களை எழுப்பிற்று. ஆனால் கொடிய வைரஸ் நிணநீர்க் கணுக்களில் விளைவிக்கும் சேதத்தை அதனால் விளைவிக்க முடியவில்லை. அது வலி குன்றியது என்று அவர்களே எழுதினர். வெளியே கொடியதன் உறை, உள்ளே சாதுவானதன் ரெப், விளைவோ சாது! வன்மை முழுவதும் உறையில் இருக்கிறது என்பது உண்மையாயின், உறை எங்கே சென்றாலும் வன்மையும் கூடவே சென்றிருக்க வேண்டும், செல்லவில்லை. அன்வயத்திலேயே தோற்றுப்போன காரணத்தை வியதிரேகம் கொண்டு காப்பாற்ற இயலாது.

மண் இன்றிக் குடம் இல்லை என்பதை ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் மண்ணை முதற்காரணமென்றும், திரிகையைத் துணைக்காரணமென்றும், குயவனை நிமித்த காரணமென்றும் பிரித்துச் சொல்லிப் பழகிய நம்மவர்களிடம் வந்து, மண்ணைத் தவிர வேறு காரணமே இல்லை என்று சாதிப்பது எடுபடுமா? இரண்டு அமிலங்கள் மாறியதால் வலி குன்றிற்று என்பது உறை அவசியமான காரணங்களுள் ஒன்று என்பதைக் காட்டுகிறது. அது மட்டுமே போதுமான காரணம் என்பதைக் காட்டவில்லை.

இங்கே எதிர்க்கட்சியாருக்குக் கூர்மையான மறுமொழி ஒன்று உண்டு. அதனை மறைப்பது முறையன்று. ரெப் மரபணுவின் எதிர் இழையில், அதன் எல்லைக்குள்ளேயே, மூன்றாம் மரபணு என்று வழங்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. உயிரணுக்களைத் தற்சாவுக்குத் தூண்டும் புரதத்தை அது தருகிறது என்று சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் 2005இல் அறிவித்தனர். ரெப்பை மாற்றும்போது இதுவும் கூடவே மாறிவிடுகிறதே, வலி குன்றியது இதனால் ஏன் இருக்கலாகாது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் வன்மை முழுவதும் உறையில் என்ற சித்தாந்தம் விழுந்துதானே போகிறது? இனி, மூன்றாம் மரபணுவை மாத்திரம் அடக்கிய வைரஸைக் கொண்டு செய்த சோதனைகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. வலி குன்றிற்று என்றனர் ஒரு சாரார். அது இல்லாமலும் வைரஸ் பன்றியில் பெருகுகிறது என்றும், வலி குன்றியதற்கான சான்று சொற்பமே என்றும் மெங் குழுவினர் 2010இல் எழுதினர். அந்தச் சிறு மரபணுவின் தலையில் முழுப் பழியையும் ஏற்றிவிட்டு ரெப்பை விடுதலை செய்ய இப்போதுள்ள சான்று போதாது.

3. கண்ணாடித் தட்டில் மாற்றிவைக்கலாம் என்பது பன்றியில் மாற்றிவைக்கலாம் என்பதாகுமா? 2003ஆம் ஆண்டுப் பரிசோதனை, ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் வளர்ப்பு உயிரணுக்களில், அறிவிப்பு மரபணு ஒன்றை அடையாளமாக வைத்துச் செய்யப்பட்டது. உயிரணு தன் டி.என்.ஏ.வை இரட்டிக்கும் பருவத்தில் இருந்தாலன்றி அதன் பாலிமரேஸ் இவ்வைரஸுக்கு உதவாது என்பதை டிஷர் குழுவினர் 1987லேயே காட்டியிருக்க, எந்நேரமும் அப்பருவத்தை நாடி ஓடும் உயிரணுக்களில் இரண்டு ரெப்புகளும் சமமாக வேலை செய்தன என்பதில் ஆச்சரியம் எங்கே இருக்கிறது? இரண்டையும் பிரித்துக்காட்டக்கூடிய இடர்ப்பாடு அந்தத் தட்டில் இல்லவே இல்லை.

அது மட்டுமா? சமம் என்பதுகூட நிற்கவில்லை. இரண்டாம் வகையின் இரட்டிப்புக் காரணிகளை எடுத்துவிட்டு முதல் வகையினுடையவற்றை வைத்தால், வளர்ப்பு உயிரணுக்களில் வைரஸ் முன்னிலும் பன்மடங்கு பெருகுகிறது என்று 2010இல் பீச் முதலியோர் கண்டனர். ஆக, தட்டில் வேகமாகப் பெருக்கும் ரெப், பன்றியில் சாதுவான வைரஸுக்கு உரியது; தட்டில் மந்தமான ரெப், பன்றியைக் கொல்லும் வைரஸுக்கு உரியது. இதைக் கண்டு, பார்த்தீர்களா, இரட்டிப்பின் வேகத்துக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று துள்ளுகிறவர்கள் உண்டு. பிராணியின் உடலில், எந்த உயிரணுவில், எப்போது, எந்தத் தூண்டுதலின்மேல் இரட்டிப்பு முடுக்கிவிடப்படுகிறது என்பதே கேள்வி; பந்தய மைதானத்து வேகத்தை அளந்து அதற்கு விடை சொல்லக் கூடாது.

4. நோயுற்ற பன்றியையும் நோயற்ற பன்றியையும் பிரிப்பது எது? இந்த ஒரு கேள்வியை நிதானமாகக் கேட்டிருந்தால் இச்சித்தாந்தம் பிறந்தே இராது. இரண்டாம் வகை வைரஸ் உலகிலுள்ள பன்றிப் பண்ணைகளில் ஏறத்தாழ எங்கும் பரவியிருக்கிறது. தொற்றுக்கு ஆளான பன்றிகளில் மிகப் பலவற்றுக்கு ஒரு நோயும் தெரிவதில்லை. அது புதிதாக வந்ததுமன்று. ஜெர்மனியில் பாதுகாத்து வைத்திருந்த 1962ஆம் ஆண்டுத் திசுக்களில் அது இருப்பதைப் பிற்காலத்தார் கண்டெடுத்தனர். ஒரே கொட்டிலில், ஒரே வைரஸால், ஒரே உறையால் தொற்றுண்ட இரண்டு குட்டிகளில் ஒன்று கொழுக்க, மற்றொன்று மெலிந்து சாகிறது. உறையைக் கேட்டால் இதற்கு விடை வராது. உறை இருவரிடத்தும் ஒன்றே.

விடை அளவில் இருக்கிறது. நோயை நிச்சயிப்பதற்கு மருத்துவர்கள் மூன்று லட்சணங்களை ஒருங்கே தேடுகிறார்கள்: உடல் மெலிவு முதலிய வெளிக்குறிகள், நிணநீர்த் திசுவின் சிதைவு, அந்தச் சிதைவிடத்தில் வைரஸ் மிதமான அளவிலோ மிகுதியாகவோ இருத்தல். மூன்றாவதில் இருத்தல் என்பது போதவில்லை, மிகுந்திருத்தல் வேண்டியிருக்கிறது. குருதிநீரின் ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடிப் பிரதிகள் என்ற அளவை ஒட்டியே நோய் தலைகாட்டுகிறது என்பது பலரும் எடுத்தாளும் கணக்கு. நோயுற்ற குட்டியின் நிணநீர்க் கணுவைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், நிணவணுக்கள் நிறைந்து வட்டவட்டமாக இருக்க வேண்டிய இடங்கள் வெளிறிக் காலியாகி, அங்கே மேக்ரோஃபேஜ்கள் வந்து குழுமி, அவற்றுட் சிலவற்றின் உள்ளே வைரஸ் திரள்கள் திராட்சைக் கொத்துபோல் கருநீலமாக அடைந்து கிடப்பதைக் காணலாம். தொற்று நோயாவது தொகை பெருகும்போது. தொகையைப் பெருக்குவது இரட்டிப்பு. இரட்டிப்பின் திறவுகோல் யார் கையில் என்று சொல்லவும் வேண்டுமோ?

தொகை ஏன் ஒரு குட்டியில் பெருகி மற்றொன்றில் பெருகுவதில்லை என்று மேலும் விசாரித்தால் விஷயம் இன்னும் சுவைபடுகிறது. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட குட்டிகளுக்கு இவ்வைரஸை மட்டும் கொடுத்தபோது நோய் சரியாக எழவில்லை என்பதையும், கூடவே அவற்றின் தற்காப்பு மண்டலத்தை வேறொரு பொருளால் கிளறிவிட்டபோது கடும் நோய் எழுந்தது என்பதையும் கிராக்கோவ்கா முதலியோர் 2001இல் வெளியிட்டனர். பண்ணைகளிலும் பார்வோவைரஸ் போன்ற பிற தொற்று கூடும்போதே மெலிவு நோய் உக்கிரமாகிறது. தற்காப்பு மண்டலம் கிளறப்பட்டால் என்ன நடக்கிறது? நிணவணுக்கள் பிரியத் தொடங்குகின்றன. அதாவது, வைரஸுக்கு இல்லாத பாலிமரேஸ் அப்பொழுது அதற்குக் கிடைக்கிறது. அத்துடன் இன்டர்ஃபெரான்கள் சுரக்கின்றன. பிற வைரஸ்களுக்கு எமனாகிய இன்டர்ஃபெரான் இங்கே தோழனாகிவிடுகிறது. தொற்று ஏற்பட்ட பின் ஆல்ஃபா வகையைச் சேர்த்தாலும், முன்னோ பின்னோ காமா வகையைச் சேர்த்தாலும், வளர்ப்பு உயிரணுக்களில் இவ்வைரஸ் கூடுதலாகவே பெருகுகிறது என்று பெல்ஜியத்துக் கெண்ட் நகர ஆராய்ச்சியாளர்கள் 2005இல் காட்டினர். காமா வகையின் தயவால் வைரஸ் உயிரணுவுக்குள் அதிகமாகப் புகுகிறது என்பதும் அதில் ஒரு பங்கு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்டர்ஃபெரானுக்குச் செவிசாய்க்கும் ஒரு குறியீட்டுத் தொடர் இவ்வைரஸின் மரபுப்பொருளிலேயே இருக்கிறது என்பது 2009இல் வெளிவந்தது. அது இருக்குமிடம் எது? உறை மரபணுவின் முகப்பன்று. ரெப் மரபணுவின் முகப்பு! உடல் அபாயச் சங்கை ஊதும்போது அதைக் கேட்டு எழுந்திருக்கும் மரபணு எதுவோ, அதற்கு நோயில் பங்கில்லை என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

கருவிலுள்ள குட்டிகளின் கதையும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. தாய் வயிற்றில் இருக்கும்போது தொற்று நேர்ந்தால் இவ்வைரஸின் பிரதான இலக்கு இதயத் தசையணுக்கள். பிறந்த பின் தொற்று நேர்ந்தால் இலக்கு நிணநீர்த் திசுவுக்கு மாறிவிடுகிறது என்று அதே கெண்ட் நகரத்தார் 2003இல் காட்டினர். கருவில் இதயத் தசையணுக்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. பிறந்த பின் அவை அநேகமாகப் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. உறை மாறவில்லை, இரட்டிப்புக்கு இடம் கொடுக்கும் உயிரணு மாறிற்று, நோயின் இருப்பிடமும் கூடவே மாறிற்று.

5. படியெடுப்பதைத் தவிர ரெப்புக்கு வேறு தொழில் இல்லை என்று யார் சொன்னது? நம் நாட்டு வாசகர் அறிந்த இரண்டு பயிர் நோய்களை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். கீழ்ப் பழனி மலையிலும் சிறுமலையிலும் விருப்பாச்சி வாழையைப் பாழ்படுத்திய முடிக்கொத்து நோயின் வைரஸும், சேலத்துப் பக்கம் மரவள்ளியில் காணும் தேமல் நோயின் வைரஸும், வட்ட வடிவ ஒற்றை இழை டி.என்.ஏ.வும் அதை உருட்டி இரட்டிக்கும் ரெப் புரதமும் உடையவை. பன்றி வைரஸையும் இவற்றையும் ஒரே பெருங்கணத்தில் சேர்த்து எண்ணுவதற்குப் பொது அடையாளமே ரெப்தான். உறைகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை. தேமல் வைரஸ் சேர்ந்த ஜெமினிவைரஸ் குடும்பத்தில், பிரிவதை நிறுத்திவிட்ட தாவர உயிரணுவின் காவற்புரதத்தைப் பற்றி அடக்கி, அதனை மறுபடியும் டி.என்.ஏ. இரட்டிக்கும் பருவத்துக்குத் தள்ளிவிடுவது ரெப் வகைப் புரதங்களின் தொழிலென்று பயிர் நோய் வல்லுநர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பன்றி வைரஸிலும் அவ்விதமே நடக்கிறது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் உயிரணுப் பிரிவோடு தொடர்புடைய சி-மிக் என்னும் புரதத்தையும், இழைப்புரத வகையைச் சேர்ந்த மற்றொன்றையும், வைரஸின் உறைப்புரதத்தையுமே பன்றி ரெப் பற்றுகிறது என்று 2006இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கும்போது, இதன் கை மரபுப்பொருளுக்கு அப்பால் நீள்வதில்லை என்ற திண்ணத்துக்கு அடிப்படை எதுவென்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

6. தடுப்பூசி வென்றது, ஆகவே உறையே காரணம் என்னும் வாதம் எதனோடு எதைக் குழப்புகிறது? எதிர்ப்பொருள் பற்றக்கூடிய இடத்தையும் நோய் பிறக்கும் இடத்தையும் அது ஒன்றாக்குகிறது. உறை வெளியே இருக்கிறது, அதனால் எதிர்ப்பொருளின் கைக்கு எட்டுகிறது. ரெப் உயிரணுவின் கருவுக்குள் இருக்கிறது, அதனால் எட்டுவதில்லை. இதிலிருந்து தடுப்பூசிக்கு உறை ஏற்றது என்று முடிவு செய்யலாம். நானும் அதையே சொல்வேன். நோயின் காரணத்தைப் பற்றி இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. மனிதருக்கு வரும் ஹெபடைடிஸ்-பி வைரஸுக்குத் தடுப்பூசி அதன் மேற்பரப்புப் புரதத்தாலானது. மிகச் சிறந்த தடுப்பூசி. ஆனால் நோய் முற்றி வந்தவருக்கு மருத்துவர் கொடுக்கும் மாத்திரை அவ்வைரஸின் பாலிமரேஸைத் தடுப்பது. தடுப்பூசி மேற்பரப்பைக் குறிவைக்கிறது என்பதற்காக, இரட்டிப்புக்கு ஈரல் நோயில் பங்கில்லை என்று எந்த மருத்துவரும் சொல்லக் கேட்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உலகச் சந்தைக்கு முதன்முதல் வந்த நான்கு தடுப்பூசிகளில் ஒன்று, மேலே இரண்டாவது ஆட்சேபத்தில் கூறிய அதே கலப்பு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது. முதல் வகையின் ரெப்பை வைத்ததால் வலி குன்றிய வைரஸ், அதே காரணத்தால் பாதுகாப்பான மருந்துப்பொருளாயிற்று. அந்த ஊசியின் வெற்றியையும் சேர்த்தே எதிர்க்கட்சியார் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்கள்!

7. தவறான கொள்கையால் நஷ்டம் என்ன? நஷ்டம் நோய் நிர்ணயத்தில் தொடங்குகிறது. திசுவில் உறைப்புரதம் சாயமேறித் தெரிந்தால் வைரஸ் அங்கே பெருகுகிறது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் டென்ட்ரிட்டிக் உயிரணுக்கள் இவ்வைரஸை இரட்டிக்காமலே, அதன் வீரியம் குன்றாமலே, நெடுநாள் உள்ளே வைத்திருக்கின்றன என்று சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2003இல் காட்டிவிட்டனர். சேமித்து வைத்திருக்கும் உயிரணுவையும் பெருக்கும் உயிரணுவையும் உறைச் சாயம் பிரித்தறியாது. கருவுக்குள் ரெப்பைத் தேடினால் பிரித்தறியலாம். அடுத்து, உறைப்புரதம் மட்டும் கொண்ட ஊசியைப் போட்ட மந்தையில் உறைக்கெதிரான எதிர்ப்பொருளை அளந்து, இது ஊசியால் வந்ததா தொற்றால் வந்ததா என்று கேட்டால் யார் விடை சொல்வது? அந்த ஊசியில் ரெப் இல்லை. ஆகவே ரெப்புக்கெதிரான எதிர்ப்பொருள் தென்பட்டால் தொற்று நடந்தது என்பது திண்ணம். இந்த ஊசிகள் நோயைத் தடுக்கின்றனவேயன்றித் தொற்றை முற்றும் தடுப்பதில்லை என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தியாயிருக்க, தொற்றை அறியும் கருவியைப் பட்டறையிலேயே விட்டுவைப்பது என்ன விவேகம்?

வைரஸ்களுக்குக் குலம் வகுக்கும் வேலையிலும் இதே குருட்டுத்தனம் இருக்கிறது. உறை மரபணுவை மட்டும் படித்து ஏ, பி, டி என்று பெயரிடுகிறார்கள். ஆனால் இவ்வைரஸ்கள் தமக்குள் மரபுப்பொருளை மாற்றிக்கொள்கின்றன. அந்த மாற்றத்தின் ஒட்டு பலமுறை ரெப் மரபணுவுக்குள்ளேயே விழுகிறது. முதல் வகையின் ரெப்பும் இரண்டாம் வகையின் உறையும் கொண்ட ஒரு வைரஸ் கனடாவின் பன்றிகளில் காணப்பட்டது என்ற செய்தி 2010இல் வெளிவந்தது. உறையை மட்டும் படிப்பவருக்கு அது வெறும் இரண்டாம் வகை, ஏ பிரிவு. பாதியைப் படித்து முழுப்பெயர் சூட்டுவது என்ன சாஸ்திரமோ!

எதிர்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். இவ்வைரஸ் டி.என்.ஏ. வைரஸ்களுள் மிக விரைவாக உருமாறுவது. ஊசிகள் யாவும் உறையின்மேலேயே நெருக்குதல் செலுத்துகின்றன. உறையே விரைவாக மாறுகிறது. ரெப் மெதுவாக மாறுவது. தொற்றுண்ட பன்றிகளின் டி-நிணவணுக்கள் உறையை மட்டுமன்றி ரெப்பையும் அடையாளம் கண்டு காமா இன்டர்ஃபெரான் சுரக்கின்றன என்று பார்சிலோனாவிலிருந்து 2010இல் தெரிவித்தனர். ரெப்பினால் மட்டும் தடுப்பூசி செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. எதிர்ப்பொருள் எட்டாத புரதத்தைத் தனியே ஏற்றிக் காவல் கிடைக்குமென்று எதிர்பார்ப்பது வீண். உறையோடு இதனையும் சேர்த்துச் சோதிப்பதற்கு முன்பே கதவைச் சாத்துவதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

என் கட்சி எந்தச் சான்றால் விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மரபணுவுக்குச் சேதம் நேராதபடி, முதல் வகையின் ரெப்புக்கே உரிய அமினோ அமிலங்களையும் அதன் முகப்பையும் இரண்டாம் வகை வைரஸில் பொருத்தி, உறையைத் தொடாமல் விட்டு, பார்வோவைரஸும் உடன் தொற்றிய குட்டிகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்க்கட்டும். அக்குட்டிகளின் குருதிநீரிலும் மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் வைரஸ் ஏறி, அவற்றின் நிணநீர்க் கணுக்களும் அதேபோல் சிதையுமானால், ரெப்புக்கு நோயில் தனிப்பங்கு இல்லை என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.